எடைமேடையில் ஒரு ம்

காவேரிப்பட்டணம் எடைமேடை. இரவு ஷிப்ட்.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
கூழ் ஆலை வாசலில் வால் நீட்டி நிற்கும் ஜூன்.
ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள்
நான்கு நிமிடம் கிடைக்கும் எனக்கு.
அதில்தான் பைத்தான் படிக்கிறேன்.

இன்றைய பயிற்சி:
ஒரு கோப்பில் ஓர் எழுத்து
எத்தனை முறை வருகிறது?

பாடத்தோடு வந்த கோப்பு
ஏதோ ஒரு பனிநாட்டுப் பூனையைப் பற்றியது.
பூனை எனக்கெதற்கு?
திம்மராயனும் நானும் மூன்று மாதம் பேசிய வாட்ஸ்அப்பை
அப்படியே இறக்கி வைத்தேன்.
எழுத்தைத் தேட யோசிக்கவே இல்லை.
ம்.

துறைமுகத்துக்கு டிரம் ஏற்றிப் போகிற ஆள்.
சாப்பிட்டியா? ம்.
வாலாஜா தாண்டிட்டியா? ம்.
பாப்பாவுக்கு ஜுரம் விட்டுடுச்சு. ம்.
ஒருநாள் எண்ணிக் காட்டிச் சண்டை போட
ஆதாரம் வேண்டாமா?

எண்ணிக்கை = 0
என்று சுழலுக்கு உள்ளே எழுதிவிட்டேன்.
விடை சுழியம்.
தலையில் அடித்துக்கொண்டேன்.
மேடையைச் சுழிக்குக் கொண்டுவருவது
லாரிக்கு ஒருமுறை.
கிரேட்டுக்குக் கிரேட் சுழித்தால்
மாங்காய்க்காரன் என்னைச் சும்மா விடுவானா?
அந்த வரியை வெளியே இழுத்துப் போட்டு
மறுபடி ஓட்டினேன்.

மறுபடியும் சுழியம்.

அந்த ஆள் வாயிலிருந்து
ஒரு ம் கூட வந்ததில்லையாம்.
கணினி சத்தியம் செய்கிறது.

டிஎன் 24 ஒன்று ஏறியது. பில் போட்டேன். இறங்கியது.

பிறகுதான் பிடிபட்டது.
நமக்கு அது ஓரெழுத்து.
இதற்கு ம ஓர் ஆள், தலைமேல் புள்ளி வேறோர் ஆள்.
ஒவ்வொருவராகக் கூப்பிட்டு
நீ ம் தானே என்று கேட்டால்
இல்லை என்கிறது ம.
இல்லை என்கிறது புள்ளி.
இரண்டுமே பொய் சொல்லவில்லை.
பள்ளிக்கூடத்தில் இதை மெய்யெழுத்து என்றார்கள்,
மெய் இரண்டு துண்டாக இருக்கும் என்று சொல்லவில்லை.

சரி. ம வந்தால் நில்.
பின்னால் வருவது புள்ளியா, பார்.
ஆமென்றால் ஒன்று கூட்டு.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று!

இது நடக்கிற காரியமில்லை.
கோப்பைத் திறந்து விரலால் வரி வரியாகப் போனேன்.
நீலம் கிலோ என்ன விலை என்று நான் கேட்டதில் ஒன்று.
டிரம், பணம், நேரம், வரும், ஆகும்.
தமிழில் பாதிச் சொல்
வாயை மூடிக்கொண்டுதான் முடிகிறது.
அப்புறம் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும்
அனுப்பியவர் பெயர்.
தி, ம், ம, ரா, ய, ன்.
சி, வ, ம், மா.

இரண்டு பெயருக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது.
கல்யாணப் பத்திரிகை அடித்தபோது
பிழை பார்த்தவர் கண்ணிலும் படவில்லை.

பெயரை நீக்கு. நேரத்தை நீக்கு.
மிச்சம் வெறும் ம் மட்டும் என்றால் எண்ணு.

அறுபத்தொன்று.

இது நியாயமான எண்.
சண்டைக்கு இது போதும்.
ஆனால் யார் எத்தனை என்று
பிரித்துப் பார்க்காமல் எப்படிக் கேட்பது?
எண்ணிக்கையை இரண்டாக்கினேன்,
ஆளுக்கொன்று, இரண்டும் சுழலுக்கு வெளியே.

திம்மராயன் 27
சிவம்மா 34

மூன்று முறை ஓட்டினேன்.
எடைமேடையில் காற்றடித்தால் எண் கொஞ்சம் ஆடும்.
இது ஆடவில்லை.

என்னுடைய முப்பத்து நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
“ஆம்பூர்ல மழை.” ம்.
“டயர் போச்சு, ஸ்டெப்னி மாத்தினேன்.” ம்.
“தூக்கம் வரல, பேசறியா?” ம்.
அந்தக் கடைசி ம்முக்குப் பிறகு
மறுநாள் காலை வரை இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.
அன்றைக்கு எத்தனை லாரி நின்றதோ, நினைவில்லை.

போன் அதிர்ந்தது.
“டோல்கேட் வந்தாச்சு. நீ சாப்பிட்டியா?”

வெளியே ஹாரன்.
ஒரு கையால் பச்சை விளக்கைப் போட்டு
மறு கையால் பதில் தட்டிவிட்டேன்.
அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

முப்பத்தைந்து.

லாரி மேடையேறி நின்றது.
திரையில் எண் ஏறி, இறங்கி, ஏறுகிறது.
இன்னும் நிற்கவில்லை.